காசநோய்க்கு மருந்து: டாக்டர்கள் சொல்வது என்ன?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டமொன்றில், காசநோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு டாக்டர் ஆற்றிய சொற்பொழிவை இங்கே தருகிறோம்.)



கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு தோழர் என்னிடம் வந்தார். "டாக்டரய்யா, என் தம்பிக்கு டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்கிறார் ஒரு டாக்டர். பக்கத்து வீட்டுக்காரருக்கோ முன்பு இரண்டு வருஷம் வைத்தியம் நடந்தது. ஊசி போட்டுப் போட்டு காது கேட்காமல் போய்விட்டது. இப்போது பேப்பரில் புது மருந்து வந்திருக்கிறது என்று போடுகிறான். நாங்கள் யார் பேச்சை நம்புவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. என் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

க்ஷயம் என்றும், என்புருக்கி என்றும் நம் பாட்டன்மார் சொல்லி நடுங்கிய நோய் இது. 2023ஆம் ஆண்டில் உலகத்தில் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது, பன்னிரண்டரை லட்சம் பேர் செத்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. நோய் கண்டவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் இந்தியர். மருந்து இல்லாத நோய் என்றால் விதி என்று சொல்லலாம். எழுபது வருஷத்துக்கு மேலாக மருந்து உள்ள நோய் இது. அப்படியிருந்தும் ஏன் சாகிறார்கள்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஒற்றை மருந்து கற்றுக்கொடுத்த பாடம்

1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி, காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நிரூபித்துக் காட்டினார். பரம்பரைச் சாபமல்ல, பாவத்தின் பலனல்ல, இருமும்போது காற்றில் பரவும் கிருமி என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது வருஷம் ஆயிற்று. 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவருடைய பரிசோதனைச்சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்.

இந்த மருந்தை பிரிட்டிஷ் டாக்டர்கள் முறைப்படி சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். 55 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுக்க அப்போது மருந்து கையிருப்பு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களில் 4 பேர்தான் இறந்திருந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர் இறந்திருந்தார்கள். அற்புதம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஆனால் அதே ஆட்களை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது கொண்டாட்டம் அடங்கிவிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் போய்விட்டார்கள். பெறாத 52 பேரில் 35 பேர் போய்விட்டார்கள். அதிக வித்தியாசம் இல்லை. காரணம் என்ன? நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருசில, இயற்கையாகவே அந்த மருந்துக்கு அடங்காதவை. மற்றவை செத்து ஒழிந்ததும் இந்த அடங்காத கிருமிகள் வெற்றிடத்தில் பெருகின. மருந்து பயனற்றுப் போயிற்று.

அப்போதுதான் டாக்டர்களின் அபிப்பிராயம் மாறியது. ஒரு மருந்தைத் தனியாகக் கொடுக்கவே கூடாது, இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமியை இன்னொரு மருந்து கொன்றுவிடும். பாஸ் என்ற மருந்தை ஸ்வீடன் நாட்டு டாக்டர் லேமன் கண்டுபிடித்திருந்தார். 1952இல் ஐசோநியாசிட் வந்தது. இந்த ஐசோநியாசிட்டின் கதை வேடிக்கையானது. 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரத்தில் ரசாயன மாணவர்கள் தயாரித்த பொருள் அது. காசநோய்க்கு ஆகும் என்று யாருக்கும் தெரியாமல் நாற்பது வருஷம் கிடந்தது. மூன்று பெரிய கம்பெனிகள் ஒரே சமயத்தில் அதன் உபயோகத்தைக் கண்டன. ஏற்கெனவே தெரிந்த பொருள் என்பதால் ஒரு கம்பெனியும் அதைத் தனக்கே சொந்தம் என்று பேட்டண்ட் எடுக்க முடியவில்லை. ஆகவே மிக மலிவாகக் கிடைத்தது. இன்றைக்கும் நாம் கொடுக்கும் முக்கியமான மருந்து அதுதான். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னை ஏழைகள் காட்டிய வழி

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கொள்கை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்றார்கள். நம்முடைய தாம்பரம் சானடோரியம் 1928இல் ஏற்பட்டது. ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு எத்தனை சானடோரியம் கட்ட முடியும்? குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய கூலிக்காரன் ஒரு வருஷம் எங்கே போய்ப் படுப்பான்?

இந்தக் கேள்விக்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை வகித்தார். சென்னை நகரத்து ஏழைகள் 193 பேரைச் சேர்த்துக்கொண்டு, சீட்டுப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று. மற்றப் பிரிவு தன் வீட்டிலேயே, நெருக்கமான குடிசையிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு மருந்து எடுத்தது. இருவருக்கும் ஒரே மருந்துகள்: ஒரு வருஷம் பாஸும் ஐசோநியாசிட்டும்.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் ஒரு வருஷத்தில் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. உலகத்து டாக்டர்கள் பலர் முதலில் நம்ப மறுத்தார்கள். பிறகு நம்பினார்கள். சானடோரியங்களின் காலம் முடிந்து, வீட்டிலிருந்தே வைத்தியம் என்ற காலம் பிறந்தது. உலகம் முழுவதும் பின்பற்றும் இந்த முறை, சென்னை ஏழைகளின் உடம்பில் சோதித்துக் கிடைத்த ஞானம். இதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அதே சோதனையில், உடம்பில் எடை கூடியது சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். இதைப் பலர் மறந்துவிட்டார்கள். "மருந்து கொடுத்தால் போதும், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று பாடம் படித்துக்கொண்டார்கள். அந்தப் பாடத்தில் இருந்த தவறு வெளிப்பட அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு மாதம் ஏன்?

இன்றைக்குச் சாதாரணக் காசநோய்க்கு என்ன வைத்தியம்? நாலு மருந்து: ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்புடால். முதல் இரண்டு மாதம் நாலும் சேர்ந்த மாத்திரை. அடுத்த நாலு மாதம் பைராசினமைடு இல்லாமல் மற்ற மூன்று. தினமும், உடம்பின் எடைக்குத் தக்கபடி. ரிஃபாம்பிசின் வந்த பிறகுதான், 1970க்கு அப்புறம் நடந்த சோதனைகளில், ஒன்றரை வருஷ வைத்தியம் ஆறு மாதமாகக் குறைந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்த மருந்துகள் இலவசம்.

"பத்து நாளில் காய்ச்சல் போகிறது, இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது, பிறகு ஏன் ஆறு மாதம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வயலில் வேலை செய்கிற தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. கோரைப் புல்லை மேலாக அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடியும் தலை தூக்கும். காசக் கிருமியும் அப்படித்தான். மற்றக் கிருமிகள் அரை மணிக்கு ஒரு தரம் பெருகும். இது பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். சில கிருமிகள் தூங்குவது போல ஒடுங்கிக் கிடக்கும். தூங்கும் கிருமியை மருந்து சுலபத்தில் தொடாது. அது விழிக்கும்போதெல்லாம் மருந்து தயாராக இருக்க வேண்டும். ஆறு மாதத்தின் ரகசியம் இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்பின்னிங் தொழிலாளி. நிரந்தர வேலை இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகிறவர். இரண்டு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டார். எடை நாலு கிலோ ஏறியது. பிறகு வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டோம். "ஐயா, இருமல் நின்னு போச்சு. மாத்திரை போட்டால் காலையிலே குமட்டுது, முதல் ஷிப்டிலே நிக்க முடியலே. ஒரு நாள் போகாட்டி அந்த நாள் சம்பளம் போச்சு. நோய்னு சொன்னால் ஆளையே மாத்திடுவாங்க" என்று சொன்னார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், இரத்தம் துப்பிக்கொண்டு. இப்போது கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்கவில்லை.

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பெல்லாம் டாக்டர்கள், "நோயாளி பொறுப்பற்றவன், பாதியில் ஓடிவிட்டான்" என்று ரிஜிஸ்தரில் எழுதி மூடிவிடுவார்கள். இன்று பல டாக்டர்கள் அப்படி நினைப்பதில்லை. கூலி போகும் என்ற பயம், குமட்டல், வெறும் வயிறு, தூரத்து ஆஸ்பத்திரி: இவையும் நோயின் காரணங்கள்தான். டாக்டர்கள் மேலும் குற்றம் உண்டு. பம்பாய் தாராவியில் சுமார் நூறு தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டு 1991இல் முடிவை வெளியிட்டார்கள். எண்பது விதமான சீட்டுகள்! நோயாளி ஒருவரை நம்பி மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டதற்கு யார் பொறுப்பு? மருந்துக் கிடங்கும் காலியாகக் கூடாது. 2024 மார்ச்சில் மத்திய சர்க்காரின் மருந்து வருவது தாமதமாகி, மாநிலங்களே மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொள்ளும்படி சொல்ல நேர்ந்தது. நோயாளியைப் பார்த்து "ஒரு நாளும் விடாதே" என்று சொல்லுகிறவர்கள், தாங்களும் ஒரு நாள் விடக் கூடாது.

மருந்தினால் வரும் தொல்லை

தொல்லை இல்லாத மருந்து இல்லை. தெரிந்துகொண்டால் பயம் போகும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும்; இரத்தம் என்று பயப்பட வேண்டாம். ஐசோநியாசிட்டினால் கால் எரியலாம், மரத்துப் போகலாம். அதற்கு பி-6 வைட்டமின் மாத்திரை உண்டு. எதாம்புடாலினால் கண் மங்கினாலோ, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். வாந்தி நிற்காமல் வந்தால், கண் மஞ்சளானால், ஈரல் பாதித்திருக்கிறது என்று அர்த்தம்; காத்திருக்கக் கூடாது. மது குடிக்கிறவருக்கு இந்த ஆபத்து அதிகம். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலத்தில் கர்ப்பத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, நர்ஸம்மாவிடம் வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

தொல்லை வந்தால் மருந்தை நீங்களே நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

அடங்காத கிருமிக்குப் புது மருந்து

ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத காசநோய்க்கு முன்பு இருந்த வைத்தியத்தை நினைத்தால் எங்களுக்கே கஷ்டமாக இருக்கும். ஒன்றரை வருஷம் முதல் இரண்டு வருஷம் வரை, ஆயிரக்கணக்கான மாத்திரைகள், மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசி பலருடைய காதைப் பறித்தது. அப்படியும் உலக அளவில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் குணமானார்கள். ஆரம்பத்தில் கேள்வி கேட்ட தோழரின் பக்கத்து வீட்டுக்காரர் கதை இதுதான்.

2012 டிசம்பரில் பெடாகுயிலின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு புதிய முறையில் காசக் கிருமியைத் தாக்கும் முதல் மருந்து. கிருமி உயிர் வாழ வேண்டிய சக்தியை உண்டாக்கும் இயந்திரத்தையே இது நிறுத்திவிடுகிறது. மில்லில் மெயின் சுவிட்சை அணைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் ஃபிரான்செஸ்கா கான்ராடியும் அவருடைய குழுவும், மிகக் கடுமையான காசநோய் கண்ட 109 பேருக்கு பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட் என்ற மூன்று மருந்தை ஆறு மாதம் கொடுத்தார்கள். வாய்வழி மாத்திரை மட்டும், ஊசியே இல்லை. 90 சதவீதம் பேர் தேறினார்கள். 2020இல் இந்தச் செய்தி வந்தபோது பழைய டாக்டர்கள் கண்ணீர் விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. பிறகு இதோடு மாக்ஸிஃபிளாக்சசின் என்ற நாலாவது மருந்தையும் சேர்த்து, உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென் ஆப்பிரிக்கா நாடுகளில் சோதித்தார்கள். பழைய வைத்தியத்தில் 52 சதவீதம், புது வைத்தியத்தில் 89 சதவீதம் வெற்றி. 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதைச் சிபாரிசு செய்தது. 2024 செப்டம்பரில் இந்திய சர்க்கார் அங்கீகரித்தது.

இதைப் பற்றி டாக்டர்கள் என்ன நினைக்கிறார்கள்? ஊசி ஒழிந்ததில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஆனால் எச்சரிக்கையும் செய்கிறார்கள். லினசோலிட் நரம்பைப் பாதிக்கும், இரத்தத்தைக் குறைக்கும். முதல் சோதனையில் ஐந்தில் நாலு பேருக்குக் கை கால் எரிச்சல் கண்டது. பிறகு அளவைப் பாதியாகக் குறைத்துச் சோதித்ததில், தொல்லை குறைந்தது, பலன் குறையவில்லை. பெடாகுயிலின் இருதயத் துடிப்பை மாற்றலாம், ஆகவே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை: பெடாகுயிலினுக்கும் அடங்காத கிருமிகள் இப்போதே தலைகாட்டுகின்றன. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரக் கூடாது என்றால், கண்ட இடத்தில் விற்கக் கூடாது, பாதியில் நிற்கக் கூடாது.

மருந்தின் விலை யார் கையில்?

இப்போது அந்த ஐசோநியாசிட் கதைக்கு வருவோம். அதற்குப் பேட்டண்ட் இல்லை, மலிவாகக் கிடைத்தது. பெடாகுயிலினுக்குப் பேட்டண்ட் இருந்தது; ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி உரிமையாளர். இருபது வருஷத்து உரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டும். அதற்கு மேல் நீடிக்க, மருந்தின் உப்பு வடிவத்தைக் காட்டி இன்னொரு பேட்டண்ட் கேட்டார்கள்.

இதை எதிர்த்து 2019இல் இரண்டு பெண்கள் இந்தியப் பேட்டண்ட் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். ஒருவர் பம்பாயைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். இன்னொருவர் தென் ஆப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள். இருவரும் அந்தப் பழைய ஊசியினால் காது கேட்கும் சக்தியை இழந்தவர்கள். பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்துவிட்டுப் புது உரிமை கேட்பதை நம் நாட்டுச் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கிறது. 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்தியக் கம்பெனிகள் அந்த மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. சர்வதேச மருந்து வாங்கும் அமைப்பு 2020இல் ஆறு மாத மருந்துக்கு 340 டாலர் கொடுத்தது. 2023இல் போட்டி வந்ததும் அது சுமார் 130 டாலருக்கு இறங்கியது. மருந்து அதே மருந்துதான், தோழர்களே. மாறியது உரிமை ஒன்றுதான்.

காது கேளாத இரண்டு பெண்கள், மற்றவர்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று வாதாடினார்கள். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

இனி வரும் மருந்துகள்

சாதாரணக் காசநோயை நாலு மாதத்தில் குணப்படுத்தலாம் என்று 2021இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. ரிஃபாபென்டின், மாக்ஸிஃபிளாக்சசின் என்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே டாக்டர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். "இரண்டு மாதம் குறைந்தால் எத்தனை கூலி நாள் மிஞ்சும், எத்தனை பேர் பாதியில் நிற்காமல் இருப்பார்கள்!" என்பது ஒரு பக்கம். "மாக்ஸிஃபிளாக்சசினை அடங்காத கிருமிக்கென்று பத்திரமாக வைக்க வேண்டும், அந்த இனத்து மருந்துகளைச் சளிக்கும் காய்ச்சலுக்கும் வாரி இறைத்து, இந்தியாவில் ஏற்கெனவே பாதி கெடுத்துவிட்டோம்" என்பது மறு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதலில் கிருமியைச் சோதித்துப் பார்க்கும் வசதி எல்லா ஊருக்கும் வரட்டும். பிறகு நாலு மாத வைத்தியம் வரட்டும் என்பேன்.

பெடாகுயிலினின் அடுத்த தலைமுறை மருந்துகளும், குவாபோடெபிஸ்டாட், கான்ஃபெபோரோல் என்ற பெயருள்ள புது வகை மருந்துகளும் நோயாளிகளிடம் சோதனையில் இருக்கின்றன. நல்ல நம்பிக்கை தருகின்றன. ஆனால் சோதனையில் இருக்கும் மருந்து, கையில் இருக்கும் மருந்து அல்ல. "புது மருந்து வரட்டும்" என்று ஒருவரும் காத்திருக்க வேண்டாம். இன்று கையில் இருக்கும் ஆறு மாத மருந்து, ஒழுங்காகச் சாப்பிட்டால், சாதாரணக் காசநோயைப் பெரும்பாலோருக்குக் குணப்படுத்தும்.

மருந்தோடு சோறு

சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர், சென்னை காசநோய் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து, ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள்; அவர்கள் வீட்டில் உள்ளவர்கள் 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள்.

2023இல் வந்த முடிவைக் கேளுங்கள். அரிசியும் பருப்பும் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றும் நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் வெகுவாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்து போல வேலை செய்தன! கிருமியைக் கொல்ல மருந்து போதும் என்று 1959இல் சென்னை காட்டியது உண்மை. மனிதன் பிழைக்கவும், அவன் வீட்டார் தப்பவும் சோறு வேண்டும் என்று ஜார்க்கண்ட் காட்டியதும் உண்மை. இப்போது டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் என்று தெரிந்ததும் நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் உடனே பார்த்து, மோசமாக உள்ளவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. வீட்டில் வைத்தியம் என்றால் சாகக் கிடப்பவனையும் வீட்டுக்கு அனுப்புவது என்று அர்த்தமல்ல என்பதை இப்போது உணர்ந்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, தோழர்களே, கைக்கொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம்: இவற்றில் எது இருந்தாலும் சளியைச் சோதியுங்கள். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சில மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கின்றன. மில் தோழர்களே, பஞ்சுத் தூசியினால் வரும் மூச்சடைப்பு வேறு, காசநோய் வேறு. "தூசிதான்" என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள். கல் உடைக்கும் தோழர்களுக்கு, கல் தூசி நுரையீரலில் படிந்தால் காசநோய் வரும் அபாயம் பல மடங்கு.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காசநோய், நீண்ட கால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் இன்சூரன்சில் இருந்து, விதிப்படி சந்தா கட்டியவருக்கு, சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும். நோயை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்ச் சாக வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்று சங்கம் இன்றைக்கே பார்க்கட்டும். அந்த ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருக்கமாட்டார்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது, வைத்திய காலத்தில் சத்துணவுக்காக சர்க்கார் தரும் பணம். 2018இல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நடவு நாளில் ஒரு தாய் படுத்துவிட்டால் இழக்கும் கூலிக்கு இது ஈடாகாது. இருந்தாலும் உரிமைப் பணம். கணக்கில் வந்து சேர்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள். வரவில்லையென்றால் ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு தோழர், மருந்து சாப்பிடுகிறவரின் பக்கத்தில் ஆறு மாதம் நிற்கட்டும். ஒரு நாள் மாத்திரை தவறினால் கேட்கட்டும். குமட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டும். தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கி வைத்து மனிதனை அவமானப்படுத்த வேண்டாம். தட்டினால் இந்த நோய் தொற்றாது. சரியான மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் தொற்றும் சக்தியே பெரும்பாலும் அடங்கிவிடும்.

தம்பிக்காகக் கேட்ட தோழரே! உங்கள் தம்பியின் கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள். அடங்குமானால் ஆறு மாதம். அடங்காவிட்டாலும் இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத மாத்திரை வைத்தியம் உண்டு, காது போகும் ஊசி இல்லை. யார் பேச்சை நம்புவது என்று கேட்டீர்கள். நோயாளிகளிடம் சோதித்து, தவறினால் தவறு என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் சோதித்துக் கண்ட முடிவை நம்புங்கள். மருந்து நம் கையில் இருக்கிறது. நாளைக் காலை உங்கள் தம்பி மாத்திரை போடும்போது வெறும் வயிறாக இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூற்றெண்பதாவது நாள் வரை கூடவே நில்லுங்கள்.